கார் சறுக்கினால் வேகம் கூடுமா?

மாணவர்களே, பேரங்காடியின் விளையாட்டு மையத்தில் கார்ப் பந்தய இயந்திரத்தில் அமர்ந்து ஓட்டியிருக்கிறீர்களா? ஜப்பானின் சேகா நிறுவனம் உருவாக்கிய 'இனிஷியல் டி' அவற்றுள் புகழ்பெற்றது. 1995இல் தொடங்கிய ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றைத் தழுவியது அது. மலைப்பாதை வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் திரையில் கார் பக்கவாட்டில் சறுக்கியபடியே பாயும். இதைத்தான் 'டிரிஃப்ட்' என்கிறார்கள். இப்படிப்பட்ட விளையாட்டுகளை ஆடி முடித்ததும், சறுக்கினால்தான் வளைவை வேகமாகக் கடக்கலாம் என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிடும். உண்மைச் சாலையிலும் அப்படித்தானா?

வளைவில் காரைப் பிடித்திருப்பது எது?

நேராக ஓடும் பொருள் தொடர்ந்து நேராகவே ஓடும். இதுவே நிலைமம். அதை வளைவின் மையத்தை நோக்கித் திருப்ப ஒரு விசை வேண்டும். அதற்கு மையநோக்கு விசை என்று பெயர். சமதளச் சாலையில் அந்த விசையைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுதான்.

உருளும் டயரில் சாலையைத் தொடும் பகுதி, அந்தக் கணத்தில் சாலையின்மேல் அசையாமல் இருக்கிறது. ஆகவே அங்கே செயல்படுவது நிலை உராய்வு. டயர் சறுக்கத் தொடங்கினால் அது இயக்க உராய்வாக மாறுகிறது. இயக்க உராய்வு பொதுவாக நிலை உராய்வைவிடக் குறைவு. பிடிப்பு குறைந்தால் வளைவைக் கடக்கும் வேகமும் குறையத்தான் வேண்டும்.

பாசிர் கூடாங்கில் 1986இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்தை நம் ஜொகூர் மக்கள் அறிவர். 1998இன் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி அங்குதான் நடந்தது. அத்தகைய பந்தயங்களில் வீரர்கள் டயரின் பிடிப்பை இழக்காமல் வளைவைக் கடக்கவே முயல்வார்கள்.

பிறகு ஏன் டிரிஃப்ட் போட்டி?

அமெரிக்காவில் 2004 முதல் நடக்கும் 'ஃபார்முலா டிரிஃப்ட்' போட்டியில் கடிகாரம் வெற்றியை முடிவு செய்வதில்லை. கார் செல்லும் பாதை, சறுக்கும் கோணம், ஓட்டும் பாணி ஆகியவற்றுக்கு நடுவர்கள் புள்ளி வழங்குவார்கள். ஓட்டுநர் கைப்பிரேக்கை இழுத்தோ எஞ்சின் விசையைத் திடீரெனக் கூட்டியோ பின்சக்கரங்களின் பிடிப்பை வேண்டுமென்றே விடுவிக்கிறார். கார் சுழன்றுவிடாதிருக்க முன்சக்கரங்களை வளைவுக்கு எதிர்ப்புறம் திருப்புகிறார். அப்போது எழும் புகை, இயக்க ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக மாறி டயரைத் தீய்ப்பதன் அடையாளம்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

சறுக்காமல் செல்லக்கூடிய உச்ச வேகத்தின் வர்க்கம் = உராய்வுக் குணகம் × புவியீர்ப்பு முடுக்கம் × வளைவின் ஆரம்.

ஆரம் 50 மீட்டர், முடுக்கம் 10 என்று கொள்வோம். காய்ந்த சாலையில் குணகம் 0.8 என்றால்:
0.8 × 10 × 50 = 400. வேகம் வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர்.

மழையில் குணகம் 0.4 ஆகக் குறைந்தால்:
0.4 × 10 × 50 = 200. வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர், அதாவது மணிக்கு 51 கிலோமீட்டர்.

காய்ந்த சாலையில் 60இல் பத்திரமாகக் கடந்த அதே வளைவில், மழை நாளில் அதே 60இல் கார் சறுக்கிவிடும். சூத்திரத்தில் காரின் பொருண்மை இல்லை என்பதையும் கவனியுங்கள். கனமான வண்டி என்பதால் மட்டும் வளைவில் பிடிப்பு கூடிவிடாது.

திரையில் தடம் மாறினால் இன்னொரு நாணயம் போட்டு மீண்டும் தொடங்கலாம். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த சாலையில் அந்த வாய்ப்பு இல்லை. மழை நாளில் அப்பாவோ அண்ணனோ வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தால், காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

செய்து பாருங்கள்: மேசைமேல் கனமான புத்தகத்தை வைத்து ஒரு விரலால் மெல்லத் தள்ளுங்கள். நகரத் தொடங்கும்வரை தேவைப்படும் விசை அதிகமா, நகர்ந்த பிறகு தேவைப்படும் விசை அதிகமா?

சிந்தியுங்கள்: 20 மீட்டர் ஆரமுள்ள சாலை வட்டத்தில், குணகம் 0.8 ஆக இருந்தால் உச்ச வேகம் என்ன? (விடை: மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர்)