விஞ்ஞானிகள் உரையும் ஆள்வோர் விடையும்

வினாவொன்று எழுந்தவிடத்து அதற்கு இறுக்கப்படும் விடை எட்டு வகைப்படுமென்பது நன்னூல் பயின்ற மாணவர் அனைவரும் அறிந்ததே. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரே விடையாவன. ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பால் விடையாவன. 'இது செய்வாயோ?' என்றானுக்குச் 'செய்யேன்' என்பது மறை, 'செய்வேன்' என்பது நேர், 'நீயே செய்' என்பது ஏவல், 'செய்யேனோ?' என்பது எதிர்வினாதல். 'கை நோவும்' என்பது உறுவது கூறல். 'மற்றொன்று செய்வேன்' என்பது இனமொழி. தேர்வின்பொருட்டு நாம் மனனஞ்செய்யும் இப்பகுப்பு, இக்காலத்துப் பெருவினா ஒன்றற்கு ஆள்வோர் கூறிவரும் விடைகளை ஆராய்தற்கும் பயன்படக் காண்கின்றோம். காலநிலை மாறுதலைக் குறித்து விஞ்ஞானிகள் ஒருமுகமாகக் கூறுவதை ஏற்பீரோ என்பதே அவ்வினா.

விஞ்ஞானிகள் கூறுவது யாது? கரியமில வாயு வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் இயல்பினதென்பதை 1859-ஆம் ஆண்டிலேயே டிண்டல் என்பார் சோதனையால் ஆராய்ந்து கண்டார். அவ்வாயு மிகின் பூமி எத்துணை வெம்மையுறும் என்பதை 1896-இல் சுவீடன் தேயத்து அரீனியஸ் கணக்கிட்டுக் காட்டினார். இயந்திரத் தொழில் பெருகுமுன் காற்றிலே பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. பூமி வெம்மையுற்றது மனிதர் செயலால் என்பதில் ஐயத்துக்கு இடமில்லையென்று பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு 2021-இல் அறுதியிட்டுரைத்தது. நம் இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகமே 2020-இல் வெளியிட்ட நூலில், 1901 முதல் 2018 வரையில் இந்நாட்டின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 0.7 பாகை உயர்ந்ததென்றும், 1951 முதல் 2015 வரையில் வெப்பமண்டல இந்தியக் கடலின் மேற்பரப்பு 1 பாகை வெம்மையுற்றதென்றும் காணப்படுகின்றது. கடல் வெம்மையுறின் காற்று மிகுந்த நீரைச் சுமக்கும். சுமந்த நீரை ஒரே நாளிற் கொட்டவும் கூடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததை நாம் மறந்திலோம். 2017 நவம்பர் இறுதியில் எழுந்த ஒக்கிப் புயலையோ நம் கடற்கரையூரார் எவரும் மறக்கவியலாது.

இனி விடைகளைக் காண்போம். மறை என்னும் விடை அமெரிக்க நாட்டில் வெளிப்படையாக வழங்குகின்றது. 2015 பிப்ரவரியில் அந்நாட்டு மேற்சபை உறுப்பினராகிய ஜேம்ஸ் இன்ஹோப் பனியுருண்டை ஒன்றைச் சபைக்குள் கொணர்ந்து எறிந்து, பூமி வெம்மையுறவில்லை என்பதற்கு அதனையே சான்றாக்கினார். ஓரூரின் ஒருநாட் குளிரைக்கொண்டு உலகத்தின் நூறாண்டு வெப்பத்தை மறுத்த இவ்வாதத்துக்கு மறுப்பெழுதுதல் வீண். நம் நாட்டிலோ 2014-ஆம் ஆண்டு ஆசிரியர் தினத்தன்று மாணவரோடு உரையாடிய பிரதமர் நரேந்திர மோடி, இதனைப்பற்றிக் கேட்கப்பட்டபோது, அப்பெயர்தான் சரியோ என வினவி, மாறியது காலநிலையன்று, நாமே மாறிவிட்டோம் என்னும் பொருள்பட உரைத்தார். இது எதிர்வினாதல். ஆயினும் அவரது அரசு 2016 அக்டோபர் 2-இல் பாரிஸ் உடன்படிக்கையை உறுதிசெய்ததென்பதையும் சேர்த்தே கூறுதல் நடுவுநிலைமையாகும். பன்னாட்டு மாநாடுகளில், நெடுங்காலம் நிலக்கரி எரித்துச் செல்வரான நாடுகளை நோக்கி 'முதலில் நீங்கள் செய்யுங்கள்' என்று இந்தியா கூறிவந்தது ஏவல் விடை. அதன்கண் நியாயம் உண்டென்பது நம் கருத்து.

ஐயுறுதல் வேறு, மறுத்தல் வேறு என்பதை ஈண்டுத் தெளிவுறுத்தல் வேண்டும். 2035-ஆம் ஆண்டளவில் இமயத்துப் பனியாறுகள் மறையக்கூடுமென்று பன்னாட்டுக் குழுவின் 2007-ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு கூற்றிருந்தது. அந்நாளைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2009 நவம்பரில் வேறொரு ஆராய்ச்சியுரையை வெளியிட்டு அக்கருத்துக்கு முரணாக நின்றார். பெரும் பூசல் விளைந்தது. 2010 ஜனவரியில் அவ்வாண்டுக் கணக்குப் பிழையென்று குழுவினரே ஒப்புக்கொண்டனர். பனியாறுகள் உருகுவதும் பூமி வெம்மையுறுவதும் அதனாற் பொய்யாகவில்லை. பிழையான ஓரெண் நீக்கப்பட்டது, அவ்வளவே. சான்று கேட்பவன் விஞ்ஞானத்துக்கு நண்பனே.

அவ்வமைச்சரே 2010 மார்ச்சில் மாதவ் காட்கில் தலைமையில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய ஒரு வல்லுநர் குழுவை அமைத்தார். தபதியாற்றங்கரை முதல் நம் குமரி வரை ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது அம்மலை. 1906-இல் கட்டிமுடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையில் தேங்கி, நாஞ்சில் நாட்டுக் கன்னிப்பூவையும் கும்பப்பூவையும் விளைவிக்கும் நீரெல்லாம் அம்மலை தந்ததே. 1,29,037 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆராய்ந்த குழுவினர், அதனை மூன்று தரமாகப் பகுத்து, கல்லுடைத்தலும் சுரங்கமும் எங்கெங்கே கூடா என வரையறுத்து, தம் முடிபுகளைக் கிராம சபைகளின்முன் வைத்து அவர்தம் கருத்தையறிந்தே செயற்படுத்த வேண்டுமென்று 2011 ஆகஸ்ட் 31-இல் அறிக்கையளித்தனர். அதற்கு முந்திய மாதமே அமைச்சர் மாறி, ஜெயந்தி நடராஜன் பொறுப்பேற்றிருந்தார்.

அறிக்கைக்குக் கிடைத்த முதல் விடை நன்னூலாரின் எட்டனுள் அடங்காது. அது வாளாவிருத்தல். எட்டு மாதம் அவ்வறிக்கை பூட்டிவைக்கப்பட்டது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒருவர் அதனைக் கேட்டார்; வெளியிடுக என்று மத்தியத் தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் ஆணையிட்டது; அமைச்சகமோ தில்லி உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்ற பின்னரே மே மாதத்தில் வெளியிட்டது. இதனால் விளைந்த கேடு பெரிது. மலைவாழ் குடியானவர் அறிக்கையைக் காணுமுன் அதனைப்பற்றிய வதந்தியைக் கேட்டனர். வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேற்றிவிடுவர் என்று அஞ்சினர். பட்டாவின்றிப் பல்லாண்டு காத்திருந்தோர் அஞ்சியதில் வியப்பில்லை. அவ்வச்சத்தை நீக்கியிருக்க வேண்டிய தலைவர்களோ அதனையே தம் விடையாகக் கொண்டனர். 'பிழைப்புக் கெடும்' என்றனர். இஃது உறுவது கூறல். கேரளத்தில் ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்னும் வேறுபாடு இவ்விடையிற் காணப்படவில்லை. கிறிஸ்தவக் கல்லூரி மாணவராகிய நாம் மறையாது கூறவேண்டியதொன்று உளது. இடுக்கி மலைநாட்டில் இவ்வெதிர்ப்புக்கு முன்னின்றோருள் மேற்றிராணியாரும் குருமாரும் இருந்தனர்.

நேர் என்னும் விடை கூறினாரும் ஒருவர் அங்கே இருந்தார். இடுக்கித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் பி. டி. தாமஸ், காட்கில் அறிக்கை ஏற்கத்தக்கது என்று தம் தொகுதியாரிடமே உரைத்தார். அவர் உயிரோடிருக்கையிலேயே அவருக்குச் சவ ஊர்வலம் நடத்தினர் எதிர்த்தோர். 2014-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரது காங்கிரஸ் கட்சி அவருக்கு இடந்தரவில்லை. வேறொருவரை நிறுத்தியும் அத்தொகுதியில் தோற்றது. பின்னர் 2016-இல் திருக்காக்கரையிலிருந்து சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர் 2021 டிசம்பரிற் காலமானார். தம் சொல்லை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. நேர் விடைக்கு இத்துணை விலையிருப்பின், மற்றையோர் ஏன் குறிப்பு விடைகளையே நாடுகின்றனர் என்பது விளங்கும்.

இனமொழி இன்னும் எளிது: ஓரறிக்கைக்கு விடையாக மற்றோர் அறிக்கை. 2012 ஆகஸ்டில் கஸ்தூரிரங்கன் தலைமையில் இரண்டாம் குழு அமைந்தது. அஃது 2013 ஏப்ரலில் மலைப்பரப்பில் 37 விழுக்காட்டைமட்டும் காத்தாற் போதுமென்றது. அதனையும் எதிர்த்துக் கலகம் எழுந்தது. 2014 மார்ச்சில் முதல் வரைவு அறிவிப்பு வந்தது. பின்னும் வரைவுகள் வந்தன. ஒவ்வொன்றும் தவணை கடந்து காலாவதியாயின. 2022-இல் மற்றுமொரு குழு அமைந்தது.

2018-இல் கேரளத்துப் பெருவெள்ளம், 2019-இல் கவளப்பாறையும் புத்துமலையும், 2020-இல் பெட்டிமுடி என மலை சரிந்துகொண்டேயிருந்தது. 2024 ஜூலை 30 விடியுமுன் வயநாட்டு முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுள் புதைந்தன. 250-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வூர்கள் அடங்கிய வைத்திரி வட்டம் காட்கில் குழுவினர் முதல் தரத்தில் வைத்தது. அன்றைய மழை, காலநிலை மாறுதலால் ஏறக்குறைய 10 விழுக்காடு மிகுந்ததென்று சில வாரங்களுள் பன்னாட்டு விஞ்ஞானிகள் கணித்தனர். அறிக்கையை ஏற்றிருப்பின் மலை சரிந்திராது என்று சாதிக்க நாம் துணியோம். சரிவு தொடங்கியது உயரத்துக் காட்டினுள். மழையை எவ்வறிக்கையும் தடுக்காது. சரிவின் வழியில் வீடும் விடுதியும் எழலாமோ என்பதே அறிக்கை எழுப்பிய வினா. அவ்வினாவுக்குப் பதின்மூன்றாண்டாக நேரும் கிடைக்கவில்லை, மறையும் கிடைக்கவில்லை.

மறுநாள், ஜூலை 31-இல், ஆறாம் வரைவு அறிவிப்பு வெளிவந்தது. 56,825 சதுர கிலோமீட்டர் அதன்கண் குறிக்கப்பட்டிருந்தது. தமிழ்நாடும் ஏனைய ஐந்து மாநிலங்களும் அதற்கு எதிர்ப்புரை கூற 60 நாள் தவணை தரப்பட்டது.