சிற்றினப் பன்மை: எண்கள் சொல்வதும் சொல்லாததும்

நம்பிக்கை: ஒரு காட்டின் இனப் பட்டியல் எவ்வளவு நீளமோ, அதன் பன்மையும் அவ்வளவு.

ஓரிடத்தில் சேர்ந்து வாழும் உயிர்களின் தொகுதியை உயிர்ச்சமூகம் என்றும், அதில் உள்ள சிற்றினங்களின் வெறும் எண்ணிக்கையைச் சிற்றினச் செழுமை என்றும் சூழலியலாளர் குறிப்பர்; செய்திகளிலும் சுற்றுலா அறிவிப்புகளிலும் பன்மை என்ற பெயரில் உலவுவது பெரும்பாலும் இந்தச் செழுமையே. ஒவ்வோர் இனத்திலும் எத்தனை உயிர்கள் உள்ளன என்பதை அது கணக்கில் கொள்வதில்லை. 100 மீன்கள் உள்ள ஒரு குளத்தில் 96 மீன்கள் ஒரே இனத்தவையாகவும் எஞ்சிய நான்கும் நான்கு வேறு இனங்களாகவும் இருக்க, மற்றொரு குளத்தில் நான்கு இனங்கள் இனத்துக்கு 25 வீதம் இருப்பதாகக் கொண்டால், பட்டியலின்படி ஐந்து இனங்களைக் கொண்ட முதற்குளமே முந்துகிறது; ஆனால் அங்கே வலை வீசுபவருக்கு ஏறத்தாழ எப்போதும் ஒரே வகை மீன்தான் கிடைக்கும். உயிர்கள் இனங்களிடையே எவ்வளவு சமமாகப் பங்கிடப்பட்டுள்ளன என்பதைக் காட்டும் சீர்மையும் பன்மையின் ஒரு பகுதி என்பதால், செழுமையை மட்டும் கொண்டு இரு குளங்களை ஒப்பிடுவது அரைக்கணக்கே.

பட்டியலின் நீளம் தேடலின் உழைப்பையும் பொறுத்தது. ஆயிரம் உயிர்களைச் சேகரித்தவர் நூறு உயிர்களைச் சேகரித்தவரைவிட மிகுதியான இனங்களைக் காண்பது இயல்பு என்பதால், பெரிய மாதிரியிலிருந்து சிறியதன் அளவுக்கே உயிர்களைத் தற்போக்காக எடுத்திருந்தால் எத்தனை இனங்கள் தென்பட்டிருக்கும் என்று கணக்கிட்டு ஒப்பிடும் முறையைக் கடலடி உயிர்களை ஆராய்ந்த ஹோவர்ட் சாண்டர்ஸ் 1968இல் முன்வைத்தார். அவருடைய கணக்கிலிருந்த பிழையை 1971இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் திருத்தினார். சிற்றினப் பன்மை என்ற கருத்தே பொருளிழந்துவிட்டது என்று அதே கட்டுரையில் அவர் கடிந்துகொண்டதில் நியாயம் இல்லாமலில்லை.

நம்பிக்கை: கண்ணில் படாத இனங்களைப் பற்றிக் கணக்கு எதுவும் சொல்லாது.

புள்ளியியலின் மிக அழகிய விடைகளுள் ஒன்று, காணப்படாத இனங்கள் எத்தனை என்ற கேள்விக்கே கிடைத்திருக்கிறது. மலாயாவில் வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்த அலெக்சாண்டர் ஸ்டீவன் கார்பெட்டின் தொகுப்பில் 620 இனங்கள் இருந்தன. அவற்றுள் 118 இனங்கள் ஒரேயொரு முறையும், 74 இனங்கள் இரு முறையும், 44 இனங்கள் மும்முறையும், 24 இனங்கள் நான்கு முறையும் மட்டுமே அகப்பட்டிருந்தன. இந்தத் தரவையும், ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் விளக்குப் பொறி வைத்து சி. பி. வில்லியம்ஸ் பிடித்த அந்துப்பூச்சிகளின் தரவையும் கொண்டு, புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அவ்விருவருடன் 1943இல் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் தொடக்கங்களுள் முதன்மையானது. மேலும் அதே அளவு காலம் தேடினால் எத்தனை புதிய இனங்கள் கிடைக்கும் என்ற வினாவுக்கு, ஒருமுறை அகப்பட்டவற்றிலிருந்து இருமுறை அகப்பட்டவற்றைக் கழித்து, மும்முறை அகப்பட்டவற்றைக் கூட்டி, நான்கு முறை அகப்பட்டவற்றைக் கழித்து, இவ்வாறே மாறிமாறிச் செல்லும் எளிய தொடர் விடை தருகிறது. கார்பெட்டின் எண்களை இட்டால் ஏறக்குறைய 75 என்று வருகிறது.

தைவானின் ஆன் சாவ் 1984இல் தந்த மதிப்பீட்டு முறை இன்னும் சுருக்கமானது. ஒருமுறை மட்டும் அகப்பட்ட இனங்களின் எண்ணிக்கையை வர்க்கமாக்கி, இருமுறை அகப்பட்டவற்றின் எண்ணிக்கையின் இருமடங்கால் வகுத்தால், இன்னும் காணப்படாத இனங்கள் குறைந்தது எத்தனை என்பது தெரியும். மலாயா வண்ணத்துப்பூச்சிகளுக்கு அது 94. ஒற்றையாக அகப்பட்டவை மிகுந்திருப்பது, தேடல் முடியவில்லை என்பதற்கு அடையாளம் என்ற கருத்தே இதன் அடிப்படை. இதன் வேர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பகைவரின் மறைகுறிகளை உடைக்க ஆலன் டூரிங்கும் ஐ. ஜே. குட்டும் வகுத்த கணக்கில் இருக்கிறது என்பது பூச்சியியலாளர் பலர் எதிர்பாராத செய்தி.

நம்பிக்கை: ஷானன் குறியீட்டெண் கால் பங்கு குறைந்தால், பன்மையும் கால் பங்கே குறைந்தது.

கிளாட் ஷானன் 1948இல் தொலைத்தொடர்புக்காக வகுத்த என்ட்ரோபி, அதாவது அடுத்து வரப்போவது எது என்பதிலுள்ள நிச்சயமின்மையின் அளவு, சூழலியலாளரிடம் வந்து பன்மையின் அளவுகோலாகிவிட்டது. ஒவ்வோர் இனத்தின் விகிதத்தையும் அதன் மடக்கையால் பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றினால் அது கிடைக்கும். சம அளவில் 16 இனங்கள் வாழும் ஒரு சமூகத்தில், 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையின்படி, குறியீட்டெண் 4. அவற்றுள் எட்டு இனங்கள் அடியோடு அழிந்து எட்டு மட்டும் சமமாக எஞ்சினால் குறியீட்டெண் 3. பாதி இனங்கள் அழிந்திருக்கக் கால் பங்கு இழப்பு என்று அறிக்கை எழுதப்படும். எட்வர்ட் சிம்ப்சன் 1949இல் தந்த அளவை 1இலிருந்து கழித்து, தற்போக்காக எடுக்கும் இரு உயிர்கள் வெவ்வேறு இனத்தவையாக இருக்கும் நிகழ்தகவாகப் பயன்படுத்துவோரின் நிலை இதைவிட மோசம்: சம அளவிலுள்ள 100 இனங்களுக்கு 0.99 என்று வரும் எண், 50 இனங்கள் அழிந்த பிறகும் 0.98க்குக் கீழே குறைய மறுக்கிறது. கணக்கில் தவறில்லை, நிச்சயமின்மையையும் நிகழ்தகவையும் பன்மை என்று படித்ததில்தான் தவறு.

இதற்கான மருந்தை மார்க் ஹில் 1973இலேயே எழுதிவிட்டார். 2006இல் லூ ஜோஸ்ட் வலியுறுத்திய பிறகே அது பரவலாகக் கவனம் பெற்றது. கிடைத்த குறியீட்டெண்ணைத் தருவதற்குச் சம அளவில் எத்தனை இனங்கள் வேண்டும் என்று கேட்டால், வரும் விடை பயனுறு சிற்றின எண்ணிக்கை எனப்படும்; இதில் 16 சம இனங்கள் எட்டானால் அளவும் 16இலிருந்து எட்டாகவே குறையும். தொடக்கத்தில் கண்ட மீன்குளங்களுள் முதற்குளத்தின் பயனுறு எண், அரிய இனத்துக்கும் பெருகிய இனத்துக்கும் ஒரே மதிப்பளித்தால் 5, ஷானன் வழியில் ஏறக்குறைய 1.25, பெருகிய இனங்களுக்கே எடை தரும் சிம்ப்சன் வழியில் 1.08; இரண்டாம் குளத்துக்கோ மூன்று வழியிலும் 4தான். எது சரியான எண் என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை. அரிய இனங்களுக்கு எவ்வளவு மதிப்பு தரப்பட்டது என்று சொல்லாமல் ஒற்றை எண்ணை அச்சிடும் அறிக்கையே குறையுடையது.

நம்பிக்கை: பன்மை எண் உயர்ந்த காடே நலமான காடு.

பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஆய்வுக்காக அளக்கப்பட்ட 50 ஹெக்டேர் மழைக்காட்டில் ஏறத்தாழ 300 மர இனங்களும், அதே பரப்புள்ள முதுமலை ஆய்வுத் திடலில் 70ஐ ஒட்டிய இனங்களும் உள்ளன. முதுமலை ஓர் இலையுதிர் காடு என்பதைத் தவிர இந்த வேறுபாடு அதன் நலம் பற்றி எதுவும் சொல்வதில்லை. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டின் மர இனங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. உவர்நிலத்துக்கு அதுவே இயல்பு. அயலிலிருந்து புகுந்த உண்ணிச்செடியும் பட்டியலில் ஓர் இனத்தைக் கூட்டவே செய்யும். முதுமலைத் திடல் 1988இல் தொடங்கப்பட்டபோது அங்கே மிகுந்திருந்த மரங்களுள் ஒன்றான கைடியா காலிசினா, யானைகள் ஒடித்தும் உரித்தும் தின்றதால் பின்வந்த ஆண்டுகளில் பெரிதும் அருகியது. பட்டியலில் அதன் பெயர் அப்படியே இருக்க, இத்தகைய பெருகிய இனம் ஒன்று சரியும்போது சீர்மை கூடிப் பன்மை எண் உயரவும்கூடும்.