94-இல் நிற்கும் வேகம்

கேள்வி: 300 எம்பிபிஎஸ் திட்டம். வைஃபையில் முழு வேகம் வருகிறது; லேன் கேபிள் செருகிய கணினியில் மட்டும் 94-ஐத் தாண்டவில்லை. ஏன்?
– வாசகர், சித்தூர்

பதில்: அந்த 94-தான் துப்பு! மின்கம்பம் வழியே வரும் ஃபைபர் மேல் பழியில்லை. வைஃபையே அதற்குச் சாட்சி. லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கே போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடலாம். வேகச் சோதனையில் அதுவே 94 ஆகத் தெரியும்.

வேறு கேபிள் செருகிப் பாருங்கள். அப்போதும் 94 என்றால் ரவுட்டரின் போர்ட்டோ கணினியின் போர்ட்டோ 100-க்கானதாக இருக்கும். வேகம் கூடினால் பழைய கேபிளின் பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். புதுக் கேபிள் வாங்கத் திருப்பதி போனால், கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். வேண்டாம்.