பசிக்கு டானிக் வேண்டாம்; அடுப்பில் கொள்ளு வேகட்டும்!

"டாக்டருங்க, பசியே எடுக்க மாட்டேங்குது. ஏதாச்சும் டானிக் எழுதிக் குடுங்க!"

திருப்பூர் வட்டாரத்தில் வைத்தியம் பார்க்கிற எவரும் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. கேட்பவர் பெரும்பாலும் ஒரு பெண். பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லராக இருப்பார். அல்லது கைமடியாகவோ, நாள் முழுக்க நின்றபடியே பிசிறு வெட்டும் செக்கிங் பெண்ணாகவோ இருப்பார். நான் உடனே மருந்துச் சீட்டை எடுப்பதில்லை. "நேத்துக் காலையில இருந்து என்னென்ன சாப்பிட்டீங்க அம்மிணி? வரிசையாச் சொல்லுங்க" என்பேன்.

வரிசை அநேகமாக இப்படித்தான் வரும். ஐந்து மணிக்கு எழுந்து, வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்து, தனக்கு மட்டும் நேரமில்லாமல் ஒரு டீயோடு எட்டரை மணி ஷிப்டுக்கு ஓட்டம். பதினொரு மணிக்கு டீயும் பன்னும். மத்தியானம் ஆறிப்போன தக்காளி சாதம். நாலு மணிக்கு மறுபடி டீ, ஒரு வடை. ஒன்றரை ஷிப்டு பார்த்தால் வீடு சேர ராத்திரி ஒன்பது ஆகிவிடும். அதற்குமேல் அடுப்பைப் பற்ற வைக்க யாருக்குத் தெம்பு இருக்கும்? வரும் வழியில் புரோட்டாப் பொட்டலம். சனிக்கிழமை சம்பள நாள் என்றால் சொல்லவே வேண்டாம்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். இந்த வயிற்றுக்குப் பசி எடுக்காமல் போனதில் என்ன ஆச்சரியம்? பசி செத்துப் போகவில்லை. டீயைக் கொடுத்துக் கொடுத்து அதை ஏமாற்றி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். இதற்கு மருந்து பாட்டிலில் இல்லை, அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. ஆனால் அஞ்சறைப் பெட்டியை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் நம் வீடுகளில் பெரிய குழப்பம் இருக்கிறது.

எட்டுச் சரக்குகள்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது எங்களுக்கு மனப்பாடமான விஷயங்களில் ஒன்று, 'திரிதோட சமப் பொருள்கள்'. மஞ்சள், மிளகு, சீரகம், பூண்டு, சுக்கு, பெருங்காயம், வெந்தயம், ஏலம் என்று எட்டு. வாதம், பித்தம், கபம் மூன்றையும் ஏறவிடாமல், இறங்கவிடாமல் சமமாக வைப்பவை என்பது சித்தர்கள் கணக்கு. ரசம் வைக்கிற எந்தப் பாட்டியும் இந்த எட்டில் ஐந்தாறைக் கேட்காமலே போட்டுவிடுவார்!

கவனிக்க வேண்டிய விஷயம் என்னவென்றால், இவை உணவோடு சேருவதற்கான சரக்குகள். தனியே கைப்பிடி கைப்பிடியாக விழுங்குவதற்கல்ல. 2020-ல் கொரோனா வந்தபோது என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். கபசுரக் குடிநீரை மூன்று வேளையும் டம்ளர் டம்ளராகக் குடித்தவர்கள் உண்டு. போதாததற்கு மிளகுக் கஷாயம், இஞ்சிச் சாறு, பச்சைப் பூண்டு. அப்புறம் "வயிறு எரியுதுங்க, வாயெல்லாம் புண்ணுங்க" என்று வந்து நின்றார்கள். மருந்துக்கு ஓர் அளவு, சமையலுக்கு ஓர் அளவு. இரண்டையும் குழப்பினால் வயிறுதான் தண்டனை அனுபவிக்கும்.

இதை விஞ்ஞானத்தின் வழியாகவும் பார்க்கலாம். மஞ்சளில் உள்ள முக்கியச் சத்து குர்குமின். அதைத் தனியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்தது சுமார் 20 மடங்கு! மஞ்சளும் மிளகும் ஒரே பாத்திரத்தில் விழுகிற நம்முடைய ரசத்துக்கு இது நல்ல சாட்சிதான். ஆனால் உடனே துள்ளிக் குதிக்காதீர்கள். 2 கிராம் குர்குமின் வேண்டுமானால் மஞ்சள் தூள் 60 கிராமுக்கு மேல் வேண்டும். நாம் குழம்புக்குப் போடுவது கால் டீஸ்பூன். ஆகவே ரசத்தை நோய் தீர்க்கும் மருந்தாக நினைக்க வேண்டாம். வாயில் நீர் ஊற வைத்து, பசியைத் தட்டி எழுப்பி, சாப்பிட்டதைச் செரிக்க வைக்க அந்தக் கால் டீஸ்பூன் போதும். நமக்கு வேண்டியதும் அதுதானே?

மஞ்சள் என்றதும் ஒன்று. பக்கத்திலேயே ஈரோடு இருக்கிறது. 2019-ல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அப்புறமும் ஏன் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் பாக்கெட் தூளைத் தேடுகிறீர்கள்? விரலி மஞ்சள் அரைக் கிலோ வாங்கி, காய வைத்து, மில்லில் கொடுத்து அரைத்தால் ஒரு சிறு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வரும்.

ஒரே குக்கர், ஒரு நேரச் சாப்பாடு

ஒன்பது மணிக்கு வீடு வந்தவருக்கு நான் சொல்கிற முதல் மருந்து, நம் கொங்கு நாட்டு அரிசியும் பருப்பும் சாதம். வேறு ஊர்க்காரர்கள் இதைச் சாம்பார் சாதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. இதில் புளியும் இல்லை, சாம்பார்ப் பொடியும் இல்லை.

நாலு பேருக்கு அரிசி ஒன்றரை டம்ளர், துவரம் பருப்பு அரை டம்ளர். இரண்டையும் கழுவி, மற்ற வேலை முடியும் வரை ஊற விடுங்கள். மிளகு அரை டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், பூண்டு ஆறு பல், இவற்றை அம்மியிலோ சின்ன உரலிலோ ஒன்றிரண்டாக நசுக்குங்கள். மிக்ஸியில் மாவாக்கிவிடாதீர்கள். குக்கரில் கடலை எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன் ஊற்றிக் கடுகு வெடித்ததும், கிள்ளிய வரமிளகாய் மூன்று, கறிவேப்பிலை, உரித்த சின்ன வெங்காயம் பதினைந்து போட்டு வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் நசுக்கி வைத்ததையும், கால் டீஸ்பூன் மஞ்சள் தூளையும், மிளகளவு பெருங்காயத்தையும் போட்டு, வாசனை வந்தவுடனே தக்காளி இரண்டை நறுக்கிச் சேருங்கள். தக்காளி குழைந்ததும் தண்ணீர் ஐந்து டம்ளர், உப்பு. கொதி வந்ததும் அரிசி பருப்பைக் கொட்டி மூடி, மூன்று விசில். நீராவி தானாக அடங்கியதும் திறந்து, ஆளுக்கு ஒரு ஸ்பூன் நெய். ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி வீட்டிலேயே உருக்கிய நெய் என்றால் தெருவே வாசனை பிடிக்கும்!

இந்த வரிசையில் ஒரு காரணம் இருக்கிறது. மிளகு, சீரகம், பூண்டு இவற்றின் வாசனை எண்ணெயில் கரைகிற சத்து. மஞ்சளின் குர்குமினும் கொழுப்போடு சேர்ந்தால்தான் கரையும். வெறும் தண்ணீரில் போட்டால் பாதி வாசனை ஆவியோடு போய்விடும். எண்ணெயில் நெடுநேரம் கருக விட்டாலும் கெட்டுவிடும். ஆகவே, வாசனை எழுந்ததும் தக்காளியைப் போட்டுச் சூட்டைத் தணிக்கிறோம். எப்போதோ அரைத்து வைத்த மிளகுத் தூளில் காரம் இருக்கும், மணம் இருக்காது. அன்றன்றைக்கு நசுக்குவதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகிறது.

அரிசியும் பருப்பும் சேருவதும் சும்மா இல்லை. அரிசிப் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் பருப்பில் உண்டு. பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்பிவிடுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் ஊருக்கு வேலைக்கு வந்த பிள்ளைகள் லைன் வீட்டு அறைகளில் வைக்கிற கிச்சடிக்கும் இதே கணக்குத்தான். அவர்கள் மதியம் கம்பெனி வாசலில் புரோட்டா தின்பதைவிட ராத்திரி அறையில் கிச்சடி தின்பது எவ்வளவோ மேல்.

இதில் இன்னொன்றும் சேர்க்கலாம். நம் மாவட்டத்து மூலனூர் முருங்கைக்குப் பெயர்போனது. காயை விற்றுவிட்டுக் கீரையைத் திரும்பிப் பார்க்காமல் விடுகிறோம். குக்கரைத் திறந்ததும் இரண்டு கைப்பிடி முருங்கைக் கீரையைத் தூவிக் கிளறி, ஐந்து நிமிஷம் சிறு தீயில் வையுங்கள். ஏன் என்கிறீர்களா? தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21-ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று கண்டது. "நின்னா தலை சுத்துது, படி ஏறுனா மூச்சு வாங்குது" என்று வருகிறவர்களுக்கு ஹீமோகுளோபின் பார்த்தால், 12 இருக்க வேண்டிய இடத்தில் 9 இருக்கும்.

இங்கேதான் டீ எதிரியாகிறது. கீரை, பருப்பு, தானியத்தில் உள்ள இரும்பை டீயின் துவர்ப்புச் சத்து கட்டிப் போட்டுவிடும். உடம்பில் சேர விடாது. எலுமிச்சை இதற்கு நேர்மாறு, சேர்த்து விடும். ஆகவே டீ வேண்டுமா, தாராளமாகக் குடியுங்கள். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளியே குடியுங்கள். சாதத்தின்மேல் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டுக்குக் கீழே போயிருந்தால் முருங்கைக் கீரையை நம்பி உட்காராதீர்கள். அது டாக்டர் பார்க்க வேண்டிய கேஸ்.

கொள்ளு: தண்ணீர் ரசத்துக்கு, பருப்பு கடைசலுக்கு

மானாவாரிக் காடு வைத்திருந்த நம் முன்னோர்களுக்கு அரிசி விருந்துச் சாப்பாடு. அன்றாடம் கம்பஞ்சோறு, சோளச்சோறு, கொள்ளு. நூறு கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். ஆனால் இன்றைக்குக் கொள்ளு என்றால் உடம்பு இளைக்கிற மருந்து என்று மட்டும் நினைக்கிறார்கள். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழி செய்த வேலை! காலையில் வெறும் வயிற்றில் கொள்ளுப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, மதியம் புரோட்டா சாப்பிட்டால் எந்தக் கொழுப்பும் கரையாது.

ஞாயிற்றுக்கிழமை செய்யலாம். ஒரு டம்ளர் கொள்ளைக் கல் பொறுக்கி, சனி இரவே ஊற வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்கள் ஓரளவு அதோடு போய்விடும். புதிதாக நாலு டம்ளர் தண்ணீர் விட்டு எட்டு விசில் வேக விட்டு, தண்ணீரை வடியுங்கள். வடித்த தண்ணீரில் தக்காளியைக் கரைத்து, நெல்லிக்காயளவு புளியில் பாதி சேர்த்து, நசுக்கிய மிளகு, சீரகம், பூண்டு, மல்லி விதை போட்டு, நுரை கட்டியதும் இறக்கித் தாளித்தால் ரசம். வெந்த கொள்ளோடு வதக்கிய சின்ன வெங்காயம், வரமிளகாய், சீரகம், பூண்டு, ஒரு பிடி மல்லித்தழை சேர்த்து மத்தால் கடைந்தால் கொள்ளுப் பருப்பு. ஒரே வேகலில் இரண்டு பதார்த்தம். திங்கட்கிழமை டிபன் பாக்ஸுக்கு வேண்டிய கடைசலை ஆறியவுடன் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் நன்றாகச் சூடாக்கிக் கட்டலாம். அன்று ஒரு நாளாவது ஐந்து மணிக்குப் பதில் ஐந்தரைக்கு எழுந்திருக்கலாமே!

நைட் ஷிப்டு போகிறவர்களுக்கு முறை கொஞ்சம் மாறும். வேலைக்குக் கிளம்புமுன் வயிறாரச் சூடான சாதமும் ரசமும். நடு ராத்திரி இரண்டு மணிக்குப் பசித்தால் பொட்டுக்கடலை, வாழைப்பழம் போல லேசான எதையாவது. அந்த நேரத்தில் பிரியாணியும் புரோட்டாவும் தின்றுவிட்டு, விடிந்ததும் படுத்தால் நெஞ்செரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பஞ்சுத் தூசிக்குத் தூதுவளையா?

"பஞ்சுத் தூசி நெஞ்சுல அடைச்சிருக்குங்க. வெல்லம் தின்னா எறங்கிடும்னு சொல்றாங்க. தூதுவளை ரசம் வெச்சாப் போதுங்களா?" இதையும் அடிக்கடி கேட்கிறார்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். நாம் விழுங்குவது உணவுக் குழாயில் போகிறது, தூசி போவது மூச்சுக் குழாயில். வெல்லமோ வாழைப்பழமோ நுரையீரலைக் கழுவாது. தூதுவளை கபத்துக்கு நல்ல மூலிகைதான். முள் நீக்கிய இலை ஒரு கைப்பிடி எடுத்து நெய்யில் வதக்கி, நசுக்கி, மிளகு ரசத்தில் சேர்த்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும். வாரம் இரண்டு நாள் வைக்கலாம். ஆனால் தூசிக்கு மருந்து மாஸ்க்தான். அதை முகவாயில் தொங்கவிடாமல் மூக்கில் போட வேண்டும். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுக்கி மூச்சு வாங்கினால் அலட்சியம் செய்யாதீர்கள். ஸ்பின்னிங் மில் தொழிலாளர்களுக்கு வருகிற 'பிசினோசிஸ்' என்ற பஞ்சுத் தூசி நோயின் ஆரம்ப அடையாளம் அது. ரசத்தை வைத்துக்கொண்டு நாள் கடத்தாமல் நெஞ்சு நோய் மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக, யார் யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது. கொள்ளு சூடு. குடல் புண் உள்ளவர்களும், மாதவிலக்கின்போது அதிகம் உதிரப்போக்கு உள்ளவர்களும் குறைத்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகள் கொள்ளைத் தவிர்ப்பதே எங்கள் வைத்திய முறை. அவர்களுக்குப் பாசிப்பயறு கடைசல் செய்து கொடுங்கள். யூரிக் அமிலம் ஏறி மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடட்டும். வலிப்புக்கோ, ரத்தம் உறையாமல் இருப்பதற்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மிளகு, மஞ்சள், பூண்டு சமையல் அளவில் கெடுதல் செய்யாது. பொடியாகவும் கேப்ஸ்யூலாகவும் தனியே விழுங்கினால் மாத்திரையின் வேகம் கூடிவிடலாம். மற்றவர்கள் வாரம் இரண்டு நாள், ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் கொள்ளுப் பருப்பு, ஒரு டம்ளர் ரசம். ரசம் மிஞ்சினால் குழந்தைகளுக்கு ஊற்றிச் சோறு பிசைந்து கொடுங்கள், மிளகை மட்டும் வடிகட்டிவிட்டு.