முகூர்த்த மாதத்தில் மூச்சு முட்டுகிறதா? ஆரி வேலை செய்வோருக்குச் சில குறிப்புகள்

வீட்டிலேயே ஸ்டாண்ட் போட்டு ஆரி வேலை செய்து கொடுப்பவர்களுக்கு வைகாசி, ஆவணி, தை பிறந்தால் தூக்கம் போய்விடும். திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் ஊசி வேலை அல்ல. யோசிக்காமல் ஒப்புக்கொண்ட தேதிகள்தான்.

1. ஆர்டர்களை எண்ணாதீர்கள், மணிக்கணக்கை எண்ணுங்கள். கழுத்தைச் சுற்றி மெல்லிய கொடி ஓடும் பிளவுஸும், முழங்கை வரை ஜர்தோசி நிறைந்த மணப்பெண் பிளவுஸும் நோட்டில் ஆளுக்கொரு வரிதான். வேலையில் இரண்டுக்கும் நாள்கணக்கில் வித்தியாசம். ஒவ்வொரு டிசைனும் முடிந்ததும் அதற்கு ஆன நேரத்தைப் படத்தின் ஓரத்தில் குறித்து வையுங்கள். அடுத்த முறை தேதி சொல்லுமுன் அதைப் பாருங்கள். சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் போக ஒரு நாளில் உங்கள் கையில் மிஞ்சுவது ஐந்து மணி நேரம் என்றால், ஐந்து என்றே கணக்கு வையுங்கள்.

2. தினசரி காலண்டரில் முகூர்த்த நாட்கள் அச்சாகியே வருகின்றன. கல்யாணத் தேதிக்குப் பத்து நாள் முன்பாக உங்கள் கெடுவை எழுதுங்கள். ஆரி முடிந்த துணி அதன் பிறகுதான் தையலுக்குப் போகும். அளவு சரிபார்க்கவும் நாள் வேண்டும்.

3. அட்வான்ஸ் கைக்கு வராமல் துணியில் ஊசி இறக்காதீர்கள். சொந்தக்காரர் என்று கூச்சமாக இருந்தால் பொருள் செலவையாவது முதலில் வாங்கிவிடுங்கள்.

4. மறுப்பதற்குக் கைவசம் ஒரு பதில் இருக்கட்டும்: “அக்கா, ஆவணி இருபதுக்கு மேலதான் கை ஒழியும். அவசரம்னா கழுத்துக்கு மட்டும் போட்டுத் தரட்டுமா?” இதில் மரியாதையும் குறையவில்லை, பொய்யும் இல்லை.

5. வாட்ஸ்அப்பை நாளுக்கு இரண்டு வேளை மட்டும் பாருங்கள். பிசினஸ் செயலியில், நாம் இல்லாத நேரத்தில் தானாகப் பதில் போகும் வசதி உண்டு.

6. நிறம் பொருத்தும் வேலை பகல் வெளிச்சத்துக்கு. பீட்ஸ் பிரிப்பதும் கணக்கு எழுதுவதும் இரவுக்கு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை தலை நிமிர்ந்து, 20 அடி தள்ளியிருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து வருவது இயல்பு. கண்ணாடி போடுவதைத் தள்ளிப்போட்டால் தலைவலியோடு வேலையும் மந்தமாகும்.

7. தாமதமாகும் என்று தெரிந்த அன்றே நீங்களாகப் போன் செய்து சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் முன்பே தெரிந்தால் அவர்களால் மாற்று ஏற்பாடு செய்ய முடியும். முதல் நாள் சாயங்காலம் சொன்னால் அந்த வீட்டில் அழுகைதான். எனக்கு இந்தக் குறிப்புதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது: மனதை அழுத்துவது பாதி வேலை என்றால், சொல்லாமல் மறைத்து வைத்த பயம் மறுபாதி.

8. தூக்கமின்மையும் காரணமில்லாத அழுகையும் நாள்கணக்கில் நீடித்தால் தனியே சுமக்காதீர்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

9. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ஆர்டர் அநேகமாக இருக்காது. சீசன் வருமானத்தில் ஒரு பங்கை அந்த இரண்டு மாத வீட்டுச் செலவுக்கென்று தனியே போட்டு வையுங்கள். கையில் அந்தப் பணம் இருந்தால்தான், ஆவணியில் வரும் அவசர ஆர்டரைத் தயங்காமல் மறுக்க முடியும்.