கத்திப் பட்டறைக்கு ஏற்ற நாடா ரம்பம்

மும்பையின் தாராவியில் தோல் பதனிடும் தொழில் பெரிதும் குறைந்துவிட்ட பின்னரும், பை, இடைவார், பணப்பை முதலிய தோற்பொருள்களைச் செய்யும் பட்டறைகள் பல நிலைத்திருக்கின்றன. தோலின் விளிம்பைச் சீவி மெலிதாக்குவதற்கு இத்தொழிலாளர்க்கு நல்ல கத்தி இன்றியமையாதது. தாராவியிலோ செம்பூரிலோ வீட்டின் ஒரு பகுதியிலேயே இத்தகைய கத்திகளைச் செய்ய முற்படுவோர், எஃகுத் தகட்டிலிருந்து கத்தியின் வடிவத்தை எவ்வாறு அறுத்தெடுப்பது என்னும் கேள்வியை முதலில் எதிர்கொள்வர். அவர்களுக்கு ஆலோசனை கூறும் களப்பணியாளர்க்கும், தொழிற்பாடம் நடத்தும் ஆசிரியர்க்கும் பயன்படத்தக்க சில செய்திகள் இங்கே தரப்படுகின்றன.

கையால் இழுக்கும் ஹாக்ஸா மலிவானதே. ஆயினும் ஒரு கத்திக்குள் கை ஓய்ந்துவிடும். ஆங்கிள் கிரைண்டர் விரைவாக வெட்டும். ஆனால் அது பொறியை மழைபோல் சிதறச் செய்கிறது. அடுத்த வீட்டில் பிளாஸ்டிக் கழிவு குவிக்கப்பட்டிருக்கும் சந்தில் இதன் விளைவை விளக்க வேண்டுவதில்லை. மேலும், கரிமம் மிகுந்த எஃகு வெட்டுவாயில் சிவக்கக் காய்ந்து உடனே ஆறுவதால் அவ்விளிம்பு கடினமாகி, பின்னர் அரமும் துளைகருவியும் ஏறாமற் போவதுண்டு. நாடா ரம்பத்திலோ பொறி இல்லை, சூடு குறைவு, வெட்டுவாய் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமே.

நாடா ரம்பத்திற்கு இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 1808-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். எனினும், ஓயாது வளைந்து நிமிரும் நாடாவின் இரு முனைகளையும் முறியாதபடி இணைக்கும் வழி அக்காலத்தில் இல்லை. 1846-இல் பிரெஞ்சுப் பெண்மணியான ஆன் பாலின் கிரெப்பேன் இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே இவ்வியந்திரம் நடைமுறைக்கு வந்தது.

இயந்திரத்தை வாங்குமுன் முதலில் ஆராய வேண்டியது வேகம். மரம் அறுக்கும் நாடா நிமிஷத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கத்தி எஃகுக்கு 25 முதல் 45 மீட்டர் வரை போதும். மரவேலை ரம்பத்தில் எஃகை வைத்தால் பற்கள் சில வினாடிகளிலேயே சூடேறி மழுங்கிவிடும். பழைய மரவேலை ரம்பம் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி ஏமாறுவோர்க்கு இந்த வேறுபாடு முன்னரே தெரிந்திருப்பதில்லை.

அதனை மாற்றியமைக்க இயலாதா? மாதுங்கா, செம்பூர்ப் பள்ளிகளில் எந்திரவியல் கற்பிப்போர் பின்வரும் கணக்கை மாணவர்க்குக் கொடுக்கலாம். சக்கரத்தின் விட்டம் 355 மி.மீ. எனில் சுற்றளவு 1.115 மீட்டர். நாடா 35 மீட்டர் வேகத்தில் ஓட, சக்கரம் நிமிஷத்துக்கு 31 முறை சுழலவேண்டும். மோட்டாரோ 1440 முறை சுழல்கிறது. ஆகவே வேகத்தை ஏறக்குறைய 46 மடங்கு குறைத்தாக வேண்டும். 50 மி.மீ., 250 மி.மீ. கப்பிகள் கொண்ட ஓர் இணை ஐந்து மடங்கே குறைக்கும். இரண்டு இணைகள் 25 மடங்கு. அப்போதும் நாடாவின் வேகம் 64 மீட்டர். நாற்பதுக்கு ஒன்றாகக் குறைக்கும் கியர் பெட்டியை இடையில் பொருத்தினால் வேகம் 40 மீட்டராகிறது. இதுவே தக்க வழி. மின்விசிறியின் ரெகுலேட்டரை இம்மோட்டாருடன் இணைப்பது வீண் முயற்சி. சுழற்றும் விசை குன்றி, மோட்டார் காய்ந்து கருகக்கூடும்.

அடுத்தது பல். எப்போதும் ஏறக்குறைய மூன்று பற்களேனும் தகட்டின் கனத்துக்குள் இருத்தல் வேண்டும். இன்றேல் தகட்டின் விளிம்பு இரு பற்களுக்கிடையே சிக்கிப் பல்லை முறித்துவிடும். 3 மி.மீ. தகட்டுக்கு அங்குலத்துக்கு 24 பற்களும், 6 மி.மீ. தகட்டுக்கு 14 பற்களும் பொருந்தும். வளைவுகளைப் பொறுத்தமட்டில் ஆசையைக் குறைத்துக்கொள்வதே நலம். 13 மி.மீ. அகல நாடா ஏறக்குறைய 63 மி.மீ. ஆரத்திற்குக் குறைந்த வளைவில் திரும்பாது. நேர்க்கோடுகளாக அறுத்து, எஞ்சியதைச் சாணையில் தேய்க்கலாம்.

எந்த எஃகை அறுப்பது என்பதும் ரம்பத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும். லாரியின் வில்பட்டை தோய்ச்சல் ஏறியது. அதனைச் செஞ்சூட்டில் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்ட பின்னரே அறுக்கவேண்டும். தேய்ந்த பவர் ஹாக்ஸா அலகிலிருந்தும் தோல் சீவும் கத்தி செய்வர். அது அதிவேக எஃகாயின் எந்த நாடா ரம்பத்துக்கும் இணங்காது. நீர் தெளித்துச் சாணை பிடித்தே உருவாக்க வேண்டும்.

சிறிய அறைக்கு இருவகை இயந்திரங்கள் ஏற்றவை. கையில் பிடிக்கும் நாடா ரம்பத்தைத் தாங்கியில் செங்குத்தாகப் பொருத்துவது ஒன்று. இது மிகக் குறைந்த இடத்தில் அடங்கும்; வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டே போதும். ஆனால் விசையைப் பூட்டி ஓடவிடும் பழக்கம் ஆபத்தானது. காலால் மிதித்தால் மட்டும் ஓடும் விசை அமைத்தல் வேண்டும். மற்றொன்று, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இயங்கும் சிறு ரம்பம். கப்பிகளை மாற்றி மூன்று வேகங்களில் ஓட்டலாம், கம்பியும் அறுக்கலாம், இடம் கூடுதலாக வேண்டும். தனியே ஒருவர் கத்தி மட்டும் செய்வதாயின் முதலாவதே சிக்கனமானது.

நாடாவின் நீளத்தைக் கவனியாது இயந்திரம் வாங்கலாகாது. நாக்தேவி தெருவின் கருவிக் கடைகளில் அந்நீளத்து நாடா தாராளமாகக் கிடைக்குமா, இல்லையேல் சுருளிலிருந்து வெட்டி இணைத்துத் தருவார்களா என்று முன்னரே விசாரித்தறிய வேண்டும். அதிவேக எஃகுப் பற்களும் வில்லெஃகு முதுகும் உடைய இருவுலோக நாடா விலை மிகுந்ததாயினும் நெடுநாள் உழைக்கும்.

சட்டமும் நினைவிலிருக்கட்டும். 2016-ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளின்படி, வீட்டு, வேளாண்மை, அறிவியல், தொழில் உபயோகத்துக்காக அமைந்தவை தவிர, 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற கத்திகள் படைக்கலங்களின் பட்டியலில் அடங்கும்.

ஓடும் நாடாவின் அருகே கையுறை அணியலாகாது; துணி சிக்கினால் விரலும் உடன் செல்லும். தகட்டை விரலால் தள்ளாமல் மரக்கட்டையால் தள்ளவேண்டும். நாள் முடிவில் இறுக்கத்தைத் தளர்த்திச் சக்கரங்களிலுள்ள துகள்களைத் தூரிகையால் அகற்றுதல் வேண்டும். மும்பையின் மழை மாதங்களில் எண்ணெய் தடவாத நாடா ஓரிரவிலேயே துருவேறத் தொடங்கும்.