கள்ளுண்ணாமையும் குடும்பத்தார் கடமையும்

திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை வகுப்பில் நாம் வெறும் அறவுரையாகவே நடத்திவிடுகிறோம். அதனுள் குடும்பத்தார்க்கு வேண்டிய நடைமுறையும் உண்டு. போதையில் இருப்பவனிடம் நியாயம் எடுத்துரைப்பதை, நீரில் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவதற்கு ஒப்பிடுகிறது 929ஆம் குறள். அடுத்த குறளோ அவன் தெளிந்திருக்கும் வேளையைச் சுட்டுகிறது. ஆகவே இரவு வாக்குவாதம் வீண். அது கைகலப்பில் முடிவதே மிகுதி. காலையில், அவன் மதிக்கும் தாய்மாமனையோ ஆசிரியரையோ உடன்வைத்துப் பேசுதல் தகும். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடுமாதலின் மருத்துவரையும் நாடுதல் வேண்டும்.

வண்டிச் சாவியை மட்டும் அன்றிரவே வாங்கி வைத்துவிட வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பின் வண்டி ஓட்டுதலைக் குற்றமாக்குகிறது. காப்பியும் குளியலும் அவ்வளவைக் குறைப்பதில்லை. கல்லீரல் தன் வேகத்திலேயே கரைக்கும். மிகுதியாகக் குடித்தவர் இரத்தத்தில் மறுநாள் காலையிலும் அது எஞ்சியிருக்கக்கூடும்.